வாங்கியதும் வாசித்ததும்

சின்னமனூர்ச் செப்பேடுகளில் பெரியது, இரண்டாம் ராஜசிம்ம பாண்டியன் காலத்தது, 10-ம் நூற்றாண்டின் தொடக்கம். அதில் பாண்டியர் குலப் பெருமை சொல்லிவரும் இடத்தில், முன்னோர்கள் மகாபாரதத்தைத் தமிழாக்கினார்கள், மதுரையில் சங்கம் வைத்தார்கள் என்று இரண்டு காரியங்கள் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. சங்கத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறையவே சண்டை போட்டாயிற்று. எனக்கு அந்த மகாபாரதத்தின் மேல்தான் கண். அது இன்று முழு நூலாக நம் கையில் இல்லை. நூல் ஒன்று இருந்தது என்பதற்குச் செம்பு சாட்சி நிற்கிறது, நூல் போய்விட்டது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் வவுச்சர் இருக்கிறது, சரக்கு இல்லை.

அதே பள்ளத்தாக்கில், தேனியில், என் வீட்டு அலமாரியில் நிலைமை நேர் எதிர். சரக்கு மூன்று தட்டுகளில் இரட்டை வரிசையாக நிற்கிறது. அவற்றை நான் வாசித்தேன் என்பதற்குத்தான் அத்தாட்சி இல்லை. சில வருஷங்களாக ஒரு நோட்டில் இடப்பக்கம் வாங்கிய புத்தகத்தையும் வலப்பக்கம் முடித்த புத்தகத்தையும் எழுதி வருகிறேன். சென்ற வருஷம் இடப்பக்கம் 74, வலப்பக்கம் 31. இந்த நோட்டை ஒரு நண்பரிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை. தமக்கும் அப்படித்தான் என்றார், ஆனால் எழுதி வைக்கிற தைரியம் இல்லை என்றார். இந்தக் கட்டுரையைப் படிக்கிற முந்நூறு சொச்சம் பேரில் பெரும்பாலோர் அந்த நண்பரின் கட்சி என்றுதான் நினைக்கிறேன்.

சரி, இது எப்போது தொடங்கியது?

தமிழ் வாசிப்பின் சரித்திரத்தில் மிக நீண்ட பகுதி, வாங்கியதைவிட அதிகமாக வாசித்தவர்களின் சரித்திரம். ஏட்டுக் காலத்தில் வாங்குவது என்ற பேச்சே குறைவு. ஒரு நூல் வேண்டுமென்றால் ஏடு வைத்திருப்பவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெயர்த்து எழுத வேண்டும். எழுத்தாணியால் ஒவ்வொரு எழுத்தாகக் கீறியவன் அந்த நூலைப் படிக்காமல் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. புரிந்துகொண்டானா என்பது வேறு விஷயம். உடைமையும் வாசிப்பும் ஒரே செயலாக இருந்தன.

இப்படிச் சொல்லி முடித்துவிட்டால் பழமைக்கு மாலை போட்டதாகிவிடும். உண்மை அவ்வளவு அழகாக இல்லை. ஏடு எழுதியவனின் பேரனுக்கு அது வெறும் சொத்து. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது, பரணில் கிடந்த சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டோம் என்று சொன்ன வீடுகளையும் பார்த்திருக்கிறார். படிக்காமல் வைத்திருப்பதற்கு நம்மிடம் ஒரு சடங்கே உண்டு. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். அன்று மட்டும் தொட்டுப் படிக்கக்கூடாது. என் அலமாரிக்கு வருஷம் முழுவதும் சரஸ்வதி பூஜை.

அதே சாமிநாதையரின் வாழ்க்கையில் இன்னொரு சம்பவம். 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் ராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போனார். எண்ணிக்கையில் குறைவே இல்லை. முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அந்த ஒரு இல்லை என்ற பதிலிலிருந்து 1887-ல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. எத்தனை படித்தாய் என்ற கேள்விக்கு ஒரு பெரிய பட்டியலைப் பதிலாக நீட்டி, அது செல்லுபடியாகாமல் திரும்பிய கதை இது. வாங்கியதைவிடப் படித்தது கூடிவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நினைக்கிற என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அச்சு வந்தபிறகும் வாங்குபவன் ஒருவன், வாசிப்பவர் பலர் என்ற ஏற்பாடு மாறவில்லை. பதிப்பிக்கு முன்பே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்து அச்சிட்டார்கள். சிந்தாமணியும் அப்படி வந்ததுதான். நாவல் வந்தது, அதுவும் பத்திரிகையின் வயிற்றில் பிறந்து வந்தது. வத்தலக்குண்டு ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893-ல் விவேக சிந்தாமணியில் தொடராகத் தொடங்கியது. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்ட காலம். பிறகு கல்கி வந்தார். 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வ’னைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, அந்த ஒரு பைண்டு தெருவையே சுற்றி வந்து, முதுகு பிய்ந்து, கடைசி அத்தியாயம் காணாமல் போன பிறகும் படிக்கப்பட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறவர்கள் வீட்டிலும் அப்படிப்பட்ட பைண்டுகள் உண்டு. 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியின் ஒரே பிரதி டீக்கடையில் தாள் தாளாகப் பிரிந்து எத்தனை கை மாறும் என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். திராவிட இயக்கமும் கம்யூனிஸ்டுகளும் ஊருக்கு ஊர் திறந்த படிப்பகங்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வாங்க வக்கில்லாதவனை வாசகனாக்கியவை அவை.

இங்கேதான் நம் வட்டாரத்து ஆள் ஒருவர் குறுக்கே வருகிறார். பெயரின் முதல் எழுத்தில் சின்னமனூர், வளர்ந்தது வத்தலக்குண்டு: சி. சு. செல்லப்பா. ஒருவர் வாங்கிப் பலர் வாசிக்கும் அந்த உன்னத ஏற்பாட்டுக்குச் செலவு யார் தலையில் விழுந்தது என்று தெரிய வேண்டுமானால் அவர் தோள்களைப் பார்க்க வேண்டும்.

1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கியபோது, 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவர் அறிவித்தார். பெரும் பத்திரிகைகளின் லட்சக் கணக்குக்கு முகத்தில் அடித்த மாதிரியான அறிவிப்பு. அந்த எல்லையைத் தாண்டிவிடும் அபாயம் அவருக்கு ஒரு நாளும் நேரவில்லை. 1970-ல் நின்றபோது 119 ஏடுகள் வந்திருந்தன. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதைகள் அதில் வந்தன. பசுவய்யாவும் பிரமிளும் வைத்தீஸ்வரனும் எழுதினார்கள். வெங்கட் சாமிநாதன் அதில்தான் எழுதத் தொடங்கினார். 1962-ல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு. இன்று இந்தப் பெயர்களில்லாமல் தமிழ்க் கவிதையையும் விமர்சனத்தையும் பற்றிப் பேச முடியாது. அன்று அவற்றை வாங்க ஆளில்லை. செல்லப்பா எழுத்து பிரசுரப் புத்தகங்களைப் பைகளில் அடைத்துத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் விற்றார். பஸ் ஏறி, இறங்கி, வெயிலில் நடந்து, தமிழ்த்துறை வாசலில் காத்திருந்து. உள்ளே இருந்த பேராசிரியர்களில் எத்தனை பேருக்கு ந. பிச்சமூர்த்தி யாரென்று தெரியும் என்பது அவரவர் ஊகத்துக்கு.

இந்தச் சித்திரம் சிறுபத்திரிகைக்காரர்களின் மனசில் ஒரு புராணமாகவே பதிந்துவிட்டது. பையுடன் நடக்கும் செல்லப்பா. அதிலிருந்து ஒரு தர்மமும் பிறந்தது: நல்ல புத்தகத்தை இரவல் வாங்காதே, காசு கொடுத்து வாங்கு. எனக்கு இருபது வயதில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது இந்தத் தர்மம் ஒரு மூத்த நண்பர் மூலம் வந்து சேர்ந்தது. அவர் புத்தகம் இரவல் தரமாட்டார். பெயரை எழுதித் தருவார், போய் வாங்கிக்கொள் என்பார். வங்கி வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் மதுரை போய், மேல வெளி வீதி சர்வோதய இலக்கியப் பண்ணையில் இரண்டு கை நிறைய வாங்கித் திரும்பியபோது செல்லப்பாவின் பைகளில் ஒன்றை நானும் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பொய்யான உணர்ச்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் வத்தலக்குண்டைத் தாண்டும்போது எனக்கு ஏற்பட்ட நிறைவு வாங்கியதால் வந்த நிறைவு. ஒரு பக்கம்கூடப் புரட்டாமலே வந்துவிட்டது. அதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது.

வாங்குவதும் வாசிப்பதும் தனித்தனிச் செயல்களாகப் பிரிந்துபோவதற்கு இன்னொரு வழியும் இருந்தது, அது நல்லெண்ணத்தில் போட்ட வழி. 1931-ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் எஸ். ஆர். ரங்கநாதனின் ‘நூலக இயலின் ஐந்து விதிகள்’ சென்னை நூலகச் சங்க வெளியீடாக வந்தது. புத்தகம் பயன்படுவதற்கு, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுடைய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதனுடைய வாசகன் என்று போகிறது அது. மூன்றாவது விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாசகனுக்கு உரிமை இருப்பது போலப் புத்தகத்துக்கும் ஒரு உரிமை இருக்கிறது என்கிறார், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். அதே வருஷம் அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். அதே 1931-ல் ஜெர்மனியில் வால்டர் பெஞ்சமின் தம் புத்தகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே ஒரு கட்டுரை எழுதினார். சேகரிப்பவனுக்குப் படிக்காமை ஒரு குற்றமே அல்ல என்பது அவர் வாதம். இத்தனையும் படித்தீர்களா என்று கேட்ட ஒருவருக்கு, பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று அனதோல் பிரான்ஸ் பதில் சொன்ன கதையைச் சந்தோஷமாக எடுத்துக் காட்டுகிறார். பெர்லினில் புத்தகம் சொந்தக்காரனுடையது. மன்னார்குடியில் வண்டியில் ஏறிப் போவது. எனக்குப் பெஞ்சமின் கட்டுரை மிகவும் பிடிக்கும். அதனாலேயே அதன் பேரில் சந்தேகமும் உண்டு. என் சோம்பலுக்கு அவ்வளவு நேர்த்தியான வக்கீல் வேறு யாரும் கிடைக்கவில்லை.

ரங்கநாதன் முன்னின்று உழைத்த சட்டம் 1948-ல் வந்தது. சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. சொத்து வரியோடு ஒரு நூலக வரி. அந்தப் பணத்தில் மாவட்டந்தோறும், பிறகு கிளைகளாக ஊர்தோறும் நூலகம். கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் போடிக்கும் புத்தகம் வந்தது இந்த வாய்க்கால் வழியாகத்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மாதிரி, மலைக்கு அந்தப் பக்கம் போவதை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட காரியம் அது. என் தலைமுறையில் தாஸ்தாயெவ்ஸ்கியை முதலில் தொட்டவர்கள் கிளை நூலகத்தில்தான் தொட்டிருப்பார்கள்.

ஆனால் காலப்போக்கில் நூலகம் பதிப்பாளனின் முதல் வாடிக்கையாளனாகிவிட்டது. நூலக ஆணையை நம்பியே புத்தகங்கள் அச்சாயின. ஒரே ஆணையில் பல நூறு பிரதிகள் போய்விடும்போது, வாசகன் என்று ஒருவன் தேவைப்படாமலே ஒரு பதிப்பு தீர்ந்துவிட முடிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. இது செல்லப்பாவின் தோளுக்கு நல்லது. புத்தகத்துக்கு நல்லதா? ரங்கநாதனின் மூன்றாம் விதி அங்கே சப்தமில்லாமல் கழன்று விழுந்தது. சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும், தெரியாமலே, தாம் படிக்காத புத்தகங்களுக்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தெரிந்தே கொடுக்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிறகு கண்காட்சி. 1977-ல் சென்னையில் தொடங்கியது, 2006-லிருந்து மதுரைத் தமுக்கத்தில். புத்தகம் வாங்குவது திருவிழாவாயிற்று. நான் குறை சொல்லவில்லை. என் இடப்பக்கக் கணக்கில் பாதி தமுக்கத்தில் ஏறியது. விழாவில் வாங்கிய பொம்மை வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகும் என்று குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

என் வாதத்துக்குச் சங்கடமான ஒருவரையும் இங்கே சொல்லாமல் போகக்கூடாது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் தொழிலிலிருந்து வந்தவர். நூலும் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் நாடக நோட்டீசுமாக ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் சேர்த்தார். நாற்பது வருஷம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நாளைக்கு ஏழு வருகிறது. நாளைக்கு ஏழு படிக்க எந்த மனிதனாலும் ஆகாது. படிக்காமல் வாங்கியவர் என்று அவர் மேல் குற்றம் சாட்டினால் நகைப்புக்கிடமாகும். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பற்றி எழுதுகிற யாரும் அங்கே போகாமல் எழுத முடியாது. அவர் யாருக்காகவோ வாங்கி வைத்தார். அவர் வாங்கியவற்றில் முக்கால்வாசி, வேறு யாரும் வைத்திருக்க லாயக்கில்லை என்று தூக்கிப் போட்டவை. நானோ எல்லோரும் வைத்திருப்பதையே வாங்குகிறேன். என் அலமாரி எரிந்துபோனால் தமிழுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆகவே ரோஜா முத்தையாவின் பெயரைச் சொல்லி நான் தப்பிக்க வழியில்லை.

இப்போது எனக்கு வெட்கமான விஷயத்துக்கு வருகிறேன். செல்லப்பா 1997-ல், 85 வயதில், ‘சுதந்திர தாகம்’ என்ற நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 1941-ல் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றவர் தம் காலத்தைப் பற்றி எழுதியது. மறு வருஷம் டிசம்பரில் இறந்தார். 2001-ல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கொடுத்தார்கள், வாங்கிக்கொள்ள ஆளில்லாத சமயம் பார்த்து. அந்த மூன்று பாகங்களையும் நான் வாங்கி வைத்து ஒன்பது வருஷமாகிறது. சின்னமனூர்க்காரர் என்ற பாசம், பை தூக்கியவர் என்ற மரியாதை. முதல் பாகத்தில் பாதியில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. இவ்வளவுக்கும் நடுவே ஒரு கூட்டத்தில் அந்த நாவலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள். கேட்டவர்களில் யாரும் முழுக்கப் படித்திருக்கவில்லை என்பது எனக்குப் பேசும்போதே தெரிந்திருந்தது; அந்தத் தைரியத்தில்தான் பேசினேன்.

தமிழில் விமர்சனம் என்று ஒன்று வேண்டும், ரசனைப் பாராட்டு போதாது, வரியை எடுத்து வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் கரடியாய்க் கத்திய ஆள் அவர். அவருடைய நாவலைப் படிக்காமல் புகழ்ந்ததைவிட அவருக்கு வேறு துரோகம் செய்துவிட முடியாது. விலை கொடுத்தேன் என்பது இதற்குச் சமாதானமாகாது. அவர் பையில் இருந்த கனம் காகிதத்தின் கனம் மட்டும் என்றால், அதைக் குறைக்க ஒரு கூலியாள் போதும்.

ஆகவே இந்த வருஷம் ஒரு ஏற்பாடு. வலப்பக்கம் இரண்டு ஏறினால்தான் இடப்பக்கம் ஒன்று. இடையில் ஏதாவது வேண்டுமென்றால் கிளை நூலகம். இந்த விதியில் ஒரு கோளாறும் உடனே தெரிந்துவிட்டது: ‘வாடிவாச’லை மூன்றாம் தடவை படித்ததை நோட்டில் எங்கே எழுதுவது? புதிதாக முடித்தது என்று எழுத முடியாது, எழுதாமல் விட்டால் அந்த ஒரு ராத்திரி கணக்கிலேயே வராது. மெல்லிய புத்தகங்களின் பக்கம் கை தானாகப் போவதையும் கவனித்தேன். எண்ணிக்கை ஏற வேண்டும் அல்லவா? சேலம் ராமசாமி முதலியார் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. அன்றைக்கே ‘சுதந்திர தாக’த்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.

இரண்டாம் பாகத்தில் இருக்கிறேன். நாவலாகப் பார்த்தால் கட்டுமானம் தளர்ச்சி. தகவல்கள் கதையை மிதித்துக்கொண்டு போகிற இடங்கள் பல. ‘வாடிவாச’லில் ஒரு சொல்லை மிச்சம் பிடித்த கை இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. பேச்சுவழக்கு நன்றாக வருகிறது. நம் பக்கத்துப் பேச்சு, இரண்டு பேர் நின்றபடி ஒரு சேதியை மாற்றிக்கொள்ளும் விதம். இவ்வளவையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்த மாதம் இடப்பக்கம் காலி. வலப்பக்கமும் காலிதான், மூன்றாம் பாகம் பாக்கியிருக்கிறது.